மாதம் 60,000 ரூபா, ஐந்து பேர்: கொழும்பில் சத்தாகச் சாப்பிட ஒரு கணக்கு

கேள்வி இதுதான். வெள்ளவத்தையில் வாடகை வீடு. கணவருக்குப் புறக்கோட்டையில் கடை வேலை. 13 வயதில் மகள், 8 வயதில் மகன், சீனி வருத்தம் உள்ள மாமியார். வாடகை, ரியூஷன், கரண்ட் பில் எல்லாம் கட்டி முடியச் சாப்பாட்டுக்கு மிஞ்சுவது மாதம் 60,000 ரூபா. “மீனைக் குறைத்துவிட்டோம், மரக்கறியையும் குறைத்துவிட்டோம், இனி எதைக் குறைப்பது, பிள்ளைகளுக்குச் சத்துக் காணுமா” என்று கேட்டிருக்கிறீர்கள். செலவு விவரத்தையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அதனால் பதில் சொல்வது லேசாகிறது. நான் மனைப்பொருளியல் படிப்பித்தவள். சத்துக் கணக்கும் அடுப்படிக் கணக்கும் இரண்டும் எனக்குப் பழக்கம்.

உங்கள் விவரத்தில் முதலில் என் கண்ணில் பட்டவை மூன்று. கிழமைக்கு இரண்டு 400 கிராம் பால்மாப் பக்கற். கணவருக்கு 400 ரூபாப்படி மாதம் 25 பகல் பார்சல். பின்னேரம் பேக்கரிச் சாமானுக்கு நாளுக்கு 300 ரூபா. இவற்றை மட்டும் தனியே கூட்டிப் பாருங்கள். பார்சல் 10,000. பேக்கரி 9,000. பால்மா, நீங்கள் போட்டிருக்கும் 1,100 ரூபாப்படி, மாதம் 9,500 வரை வரும். மொத்தம் 28,500. கிட்டத்தட்டப் பாதிக் காசு, அடுப்பில் பானை ஏற முன்னமே போய்விட்டது. மிச்சமுள்ள 31,500இல்தான் ஐந்து பேரின் சோறு, கறி, தேங்காய், எண்ணெய் எல்லாம் நடக்கிறது. அதில் போய் மீனையும் கீரையையும் வெட்டினால் தட்டில் சோறும் சொதியும்தான் மிஞ்சும்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. விலை ஏறினால் எல்லாரும் முதலில் கைவைப்பது சந்தைப் பையில்தான்; பால்மா, பிஸ்கட், பாண் கடைசிவரை தப்பிவிடும். 2022இல் ஊர் முழுக்க இதைச் செய்தது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம், ஒரே வருடத்தில் சாப்பாட்டு விலை ஏறக்குறைய இரட்டித்தது. அப்போது வேறு வழியில்லாமல் பழகிய வெட்டு, இன்னும் பல வீடுகளில் அப்படியே இருக்கிறது. ஆகவே இனியும் எதையும் வெட்ட வேண்டாம், தங்கச்சி. பக்கற்றுக்கும் பார்சலுக்கும் போகிற காசில் ஒரு பங்கைப் பானைக்குத் திருப்பினால் போதும்.

எவ்வளவு திருப்ப வேண்டும் என்று பார்க்கப் புரதத்தை அளவாக எடுத்துக்கொள்ளலாம். மாச்சத்துக்கு நம் வீடுகளில் குறைவே இல்லை, குறைவதெல்லாம் புரதமும் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் (கல்சியம்)தான். வளர்ந்தவருக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 0.8 கிராம் புரதம் வேண்டும், வளரும் பிள்ளைக்குக் கொஞ்சம் கூட. உங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து நாளுக்கு 200 கிராம் அளவில் வரும். பயப்பட வேண்டாம். நீங்கள் போடும் ஒன்றேகால் கிலோ அரிசியிலேயே 85 கிராம் வந்துவிடுகிறது, ஏனென்றால் 100 கிராம் அரிசியில் 7 கிராம் அளவு புரதம் இருக்கிறது. கால் கிலோ மைசூர்ப் பருப்பில் 60 கிராம். 400 கிராம் சாளை மீன் வாங்கினால் தலையும் குடலும் போக 250 கிராம் அளவு தேறும், அதில் 45 கிராம். இரண்டு முட்டையில் 12. கூட்டினால் 202. அன்றைய நாள் சரி.

இந்தக் கணக்கில் நீங்கள் கவனிக்க வேண்டியது பருப்பின் அளவு. கால் கிலோ என்றால் பலர் திடுக்கிடுவார்கள். கொழும்பில் ஐந்து பேர் வீட்டில் ஒரு நேரத்துக்கு ஒரு சின்னக் கப் பருப்பைப் போட்டு, தண்ணீரும் தேங்காய்ப்பாலும் விட்டு நீட்டி, மஞ்சளாக ஒரு சட்டி நிறைய வைப்பதுதான் வழக்கம். அது பருப்புக் கறியில்லை, பருப்பு வாசம் உள்ள சொதி. கால் கிலோவை மஞ்சள், பூண்டு, ஒரு பச்சை மிளகாய் போட்டுத் தண்ணீர் மட்டாக விட்டு அவியுங்கள். பருப்பு உடைந்து கரண்டியில் நிற்கிற பதத்தில் இறக்கி, கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். தேங்காய்ப்பால் விடத்தான் வேண்டும் என்றில்லை. பாதியைப் பகலுக்கும் பாதியை இரவுக்கும் வையுங்கள். அரிசிப் புரதத்தில் லைசீன் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைகிற மெதியோனீன் அரிசியில் இருக்கிறது. சோறும் பருப்பும் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். ஆனால் பருப்பு கரண்டிக் கணக்கில் விழுந்தால்தான் நிரப்பும், துளிக் கணக்கில் தெளித்தால் நிரப்பாது.

விலை மாதத்துக்கு மாதம் மாறும், ஆனால் இந்த அளவு மாறாது: 10 கிராம் புரதத்துக்கு மைசூர்ப் பருப்பு என்றால் 40 கிராம் வேண்டும், பயறு, கௌபியும் கிட்டத்தட்ட அதேதான். கடலை 50 கிராம். சோயா மீட் காய்ந்த நிறையில் 20 கிராம், நெத்தலிக் கருவாடும் அவ்வளவுதான். முட்டை ஒன்றரை. முழுச் சாளையோ எலும்போடு கோழியோ 80 தொடக்கம் 90 கிராம். சொசேஜஸும் 80 கிராமுக்கு மேல் வேண்டும். பால்மா 40 கிராம். கடையில் அன்றைய விலையைப் போட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள். பருப்பு, சோயா மீட், கடலை எப்போதும் மலிவுப் பக்கத்தில் நிற்கும். முட்டையும் சின்ன மீனும் நடுவில். சொசேஜஸும் பால்மாவும் எங்கே நிற்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பால்மாவை இன்னொரு முறை பாருங்கள். 400 கிராம் பால்மாவில் உள்ள புரதமும் 400 கிராம் மைசூர்ப் பருப்பில் உள்ள புரதமும் ஏறக்குறைய ஒன்று, இரண்டிலும் 100 கிராம் அளவில்தான். விலையோ பல மடங்கு வித்தியாசம். பாலுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய நல்ல உணவு குறைவு, அதை நான் மறுக்கவில்லை. சுண்ணாம்புச் சத்தும் விற்றமின் பி12உம் அதில் நன்றாக இருக்கின்றன. ஆனால் உங்கள் வீட்டில் பால்மா போவது பிள்ளைகளுக்கு மட்டுமில்லை. ஐந்து பேரும் காலையும் பின்னேரமும் பால் தேத்தண்ணி குடிக்கிறீர்கள். ஒரு கோப்பைக்கு ஒன்றரைக் கரண்டி பால்மா, இரண்டு கரண்டி சீனி. பெரியவர்கள் மூவரும் பிளேன்டீக்கு மாறுங்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கு நாளுக்கு ஒரு கோப்பை பால், தேயிலை சேர்க்காமல், 25 கிராம் பால்மா கரைத்துக் கொடுங்கள். மாதம் நாலு பக்கற்றுக்குள் முடிந்துவிடும். 5,000 ரூபா கைக்கு வருகிறது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் கதை வேறு. உங்கள் வீட்டில் இல்லை.

பெரியவர்களின் சுண்ணாம்புச் சத்துக்கு என்ன வழி? முருங்கை இலை, குரக்கன், எள்ளு, முள்ளோடு சாப்பிடும் சின்ன மீன். 100 கிராம் முருங்கை இலையிலும் 100 கிராம் குரக்கன் மாவிலும் 300 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறது. 25 கிராம் பால்மாவில் கரைத்த ஒரு கோப்பைப் பாலில் இருப்பதைவிட அது கூட. முழுதாக உறிஞ்சப்படாது என்பது உண்மை, அதனால்தான் ஒன்றை நம்பாமல் மாற்றி மாற்றிச் சேர்க்கச் சொல்கிறேன்.

மீன் விஷயத்தில் கொழும்புக்காரருக்கு ஒரு வீண் கௌரவம் உண்டு. பாரையும் அறக்குளாவும் துண்டு மீனாக வாங்கினால்தான் மீன், சாளையும் சூடையும் மீனே இல்லை என்பதுபோல் நடப்பார்கள். சத்தைப் பார்த்தால் சின்ன மீன்தான் மேல். ஒமேகா-3 கொழுப்பு சாளையில் தாராளம். புளி விட்டு மண்சட்டியில் நல்லாய்க் கொதிக்க வைத்தால் முள் மெதுத்துவிடும், பிள்ளைகளும் மென்று விழுங்கலாம். சாளை, சூடை, லின்னா, கும்பளா, அன்றைக்கு எது மலிவோ அது. செவுள் சிவப்பாகவும் கண் தெளிவாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். விரலால் அமர்த்தினால் பள்ளம் நிற்கக் கூடாது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும், மீன் விலை ஏறும். அந்த மாதங்களில் மீனோடு மல்லுக்கட்டாமல் நெத்தலிக் கருவாடு, டின் மீன், முட்டை, சோயா மீட் என்று போய்விடுங்கள். 50 கிராம் நெத்தலியை வெங்காயத்தோடு வதக்கினால் ஐந்து பேருக்கும் சேர்த்து 25 கிராமுக்கு மேல் புரதம். வதக்க முன் கால் மணித்தியாலம் தண்ணீரில் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டால் உப்புக் குறையும். கறிக்கு மேலும் உப்புப் போட வேண்டாம். சோயா மீட்டோடு வரும் மசாலாப் பக்கற்றில் உப்புக் கூட. வீட்டுத் தூளைப் போட்டால் ருசியும் கூட. டின் மீனில் முள் மெதுவாகவே இருக்கும், எறியாமல் மசித்துவிடுங்கள்.

கோழி வாங்கும் நாளில் ஈரலையும் கேட்டு வாங்குங்கள், விலை குறைவு, இரும்புச் சத்து சதையில் இருப்பதைவிடப் பல மடங்கு. மாதத்தில் இரண்டு மூன்று தரம் போதும்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிக்காத நாள் வெள்ளிக்கிழமை. மச்சம் இல்லை என்றவுடன் உருளைக்கிழங்குக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம், சொதி. பார்க்க நாலு கறி. புரதத்துக்கு ஒன்றுமில்லை, எண்ணெய் மட்டும் மூன்று மடங்கு. செலவும் மீன் நாளைவிடக் குறைவதில்லை. விரத நாள்தான் பருப்பு வகைக்கு உரிய நாள். கடலைக் கறி, கௌபியும் கத்தரிக்காயும் சேர்த்த பால்கறி, பயறும் முருங்கை இலையும் போட்ட வறை, பூசணிக்காய்ப் பருப்பு, இதில் ஏதாவது இரண்டு இருந்தால் உருளைக்கிழங்கு தேவையே இல்லை. நவராத்திரிக்கு ஒன்பது நாளும் கடலை, கௌபி, பயறு என்று முறை வைத்து அவிக்கிறோம். பத்தாம் நாளிலிருந்து பணிஸுக்குத் திரும்பிவிடுகிறோம். அம்பாளுக்கு உகந்தது பிள்ளைக்கு ஆகாதா?

அதோடு பின்னேரச் செலவையும் முடித்துவிடுவோம். ரியூஷன் விட்டு வரும் பிள்ளைக்குப் பசி உண்மையான பசி, அதற்கு றோல்ஸும் பணிஸும் மாவையும் எண்ணெயையும் மட்டும்தான் கொடுக்கும். இரவே கால் கிலோ கடலையை ஊற வைத்தால் மறுநாள் இரட்டிப்பாக ஊதி நிற்கும். குக்கரில் அவித்து, கடுகு, செத்தல், கறிவேப்பிலை, தேங்காய்ச் சொட்டு போட்டுத் தாளித்தால் காலிமுகத்திடலில் நின்று காசு கொடுத்து வாங்கும் அதே கடலைதான். ஒரு நாள் கடலை, ஒரு நாள் பயறு, ஒரு நாள் அவித்த கச்சான், ஒரு நாள் வற்றாளைக் கிழங்கு, ஒரு நாள் மரவள்ளியும் கட்டைச் சம்பலும். கிழமையில் ஒரு நாள் பேக்கரிக்குப் போகட்டும். முழுக்க நிறுத்தினால் பிள்ளைகள் வேறு எங்கேயாவது வாங்கித் தின்னும், 13 வயது அப்படிப்பட்ட வயது. 9,000 ரூபா 4,000க்குள் வந்துவிடும். கச்சான் வாங்கும்போது சுருங்கியதும் கறுத்ததும் பூஞ்சணம் பிடித்ததும் இருந்தால் எடுக்க வேண்டாம், அந்தப் பூஞ்சணத்தில் ஈரலுக்குக் கூடாத நஞ்சு உண்டு. நம்முடைய கடற்கரை ஈரப்பதத்தில் இது அடிக்கடி நடப்பது.

அடுத்தது கணவரின் பார்சல். கடைப் பார்சலைப் பிரித்துப் பாருங்கள்: குவியலாகச் சோறு, ஒரு மீன் துண்டு, ஒரு கரண்டிப் பருப்பு, கருகிய அப்பளம், பெயருக்கு ஒரு மரக்கறி. அதையே வீட்டிலிருந்து கொடுத்தால் மூன்றில் ஒரு பங்குச் செலவில் இரட்டிப்புக் கறி போகும். பலர் இதை இரண்டு நாள் செய்து கைவிடுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை, தேங்காய்ப்பால். காலை ஆறு மணிக்குக் கட்டிய பால்கறி புறக்கோட்டை வெக்கையில் பகல் ஒரு மணிக்குப் புளித்துவிடும். பகல் சாப்பாட்டில் பால் விட்ட கறி வேண்டாம். பால் விடாத கெட்டிப் பருப்பு, நெத்தலி வதக்கல், அவித்த முட்டை, பயற்றங்காயோ வாழைக்காயோ வதக்கியது, ஒரு பச்சை மிளகாய். சோற்றின் ஆவி அடங்கிய பிறகு மூடுங்கள், சுடச்சுட மூடினால்தான் வியர்த்துக் கெடும். கிழமையில் நாலு நாள் கட்டிக் கொடுத்தாலே மாதம் 4,000 ரூபாவுக்குக் குறையாமல் மிஞ்சும்.

மூன்றையும் சேர்த்தால் 14,000 ரூபா. அதில்தான் மீன் திரும்ப வரவேண்டும், கீரை நாள் தவறாமல் வரவேண்டும்.

கீரையைப் பற்றிச் சொல்ல ஆசைப்பட்டால் இரவு முழுக்கச் சொல்லலாம். கொழும்பில் பச்சையாகக் கிடைக்கும் மலிவான சாமான் அதுதான்: பொன்னாங்காணி, வல்லாரை, கங்குன், முளைக்கீரை, பசளி, அகத்தி. முருங்கை இலையைச் சந்தையில் தேட வேண்டியதே இல்லை, பழைய ஒழுங்கைகளில் யார் வீட்டு மதிலுக்கு மேலாவது ஒரு கொப்பு எட்டிப் பார்க்கும், கேட்டால் தருவார்கள். பீற்றூட்டும் நோக்கோலும் இலையோடு வரும்போது மரக்கறிக்காரர் “வெட்டிவிடவா” என்று கேட்பார். வெட்ட விடாதீர்கள். அந்த இலை ஒரு நேர வறைக்குக் காணும், அதற்குத் தனிக் காசும் இல்லை. கங்குன் சதுப்பு நிலத்துப் பயிர், பச்சையாகச் சாப்பிடாமல் பல தண்ணீரில் அலசிச் சமையுங்கள். எந்தக் கீரையானாலும் கழுவிய பிறகு வெட்டுங்கள், வெட்டிய பிறகு கழுவினால் சத்துத் தண்ணீரோடு போகும். சட்டி சூடானதும் வெங்காயம், கீரை, உப்பு, ஒரு பிடி தேங்காய்ப்பூ, இரண்டு மூன்று நிமிடம். இறக்கிய பிறகு தேசிக்காய். அடுப்பில் இருக்கும்போது விட்டால் கசக்கும், விற்றமின் சியும் வீணாகும்.

தேசிக்காயை ருசிக்கு மட்டும் சொல்லவில்லை. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் எடுக்காது. விற்றமின் சி சேர்ந்தால் நன்றாக எடுக்கும். தேத்தண்ணி சேர்ந்தால் எடுக்காமல் விட்டுவிடும். நாங்கள் என்ன செய்கிறோம்? வயிறு நிறையக் கீரையும் சோறும் சாப்பிட்டுக் கை கழுவ முன்னமே பிளேன்டீ கேட்கிறோம். பால்மாவை நிறுத்திப் பிளேன்டீக்கு மாறச் சொன்னவளே நான்தான், அதனால் இதையும் நானே சொல்ல வேண்டும்: சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். உங்கள் மகளுக்கு இது முக்கியம். அவள் வயதில் மாதவிடாயோடு இரும்பும் போகும். களைப்பு, படிப்பில் மனம் நிற்கவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது வெறும் சோம்பலாக இல்லாமலும் இருக்கலாம்.

மரக்கறியில் பெயர் பார்த்து வாங்காதீர்கள், நிறம் பார்த்து வாங்குங்கள். மலைநாட்டில் மழை பிந்தினாலும் கூடினாலும் கரட், லீக்ஸ், போஞ்சி விலை எகிறும். 2024 ஜனவரியில் கரட் கிலோ 2,000 ரூபாவைத் தொட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கரட்டில் இருக்கிற, உடலில் விற்றமின் ஏ ஆக மாறும் பீற்றா கரோட்டின் பூசணிக்காயிலும் இருக்கிறது, பப்பாசிப் பழத்திலும் கீரையிலும் இருக்கிறது. பூசணி பல நாள் கெடாமல் கிடக்கும், துண்டாகவும் வாங்கலாம். ஈரப்பலாக்காய், பலாக்காய் வரும் காலத்தில் அதுவே அன்றைய சோறு. மேலே கறி என்று நினைத்துச் சோற்றோடு குழைத்தால் மாவுக்கு மேல் மா. பலாக்கொட்டையை எறிய வேண்டாம்.

பழத்துக்கு மாதம் தனியாக ஒரு தொகை வையுங்கள், சின்னதாக இருந்தாலும் சரி. ஆப்பிளும் திராட்சையும் வருத்தக்காரரைப் பார்க்கப் போகும்போது வாங்கும் சாமான். கொய்யாப் பழத்தில் தோடம்பழத்தைவிட நாலு மடங்கு விற்றமின் சி. பப்பாசியும் புளிவாழைப் பழமும் கிழமை முழுக்கக் கிடைக்கும். அன்னாசி காலம் வந்தால் விலை விழும்.

அரிசி. உங்கள் வீட்டில் கீரிச்சம்பா என்று எழுதியிருக்கிறீர்கள். 2024 டிசம்பரில் அரசாங்கம் கட்டிய உச்ச சில்லறை விலையில் நாடு அரிசி 230, சம்பா 240, கீரிச்சம்பா 260. நாளுக்கு ஒன்றேகால் கிலோ என்றால் நாடு அரிசிக்கு மாறுவதில் மட்டும் மாதம் ஆயிரத்துக்கு மேல் மிஞ்சும், சத்தில் ஒரு குறையும் வராது. தீட்டாத சிவப்பரிசி கிடைத்தால் இன்னும் நல்லது, தவிட்டில் நார்ச்சத்தும் பி விற்றமின்களும் இருக்கின்றன. பிள்ளைகள் முகம் சுளித்தால் பாதிக்குப் பாதி கலந்து தொடங்குங்கள், சிவப்பை முதலில் ஊற வையுங்கள். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் தயிர் சேர்த்துப் பழஞ்சோறாகக் கொடுத்தால் பாணும் மாஜரினும் தேவைப்படாது. இரவு சோறு ஆறிய உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும், மணிக்கணக்காக வெளியில் கிடந்த சோறு ஆகாது.

மாமியாருக்குத் தனிச் சமையல் வேண்டாம். “சுகர் ஃப்ரீ” பிஸ்கட்டுக்குச் செலவழிப்பதை உடனே நிறுத்துங்கள். சீனி இல்லாவிட்டாலும் கோதுமை மாவும் கொழுப்பும் அப்படியே இருக்கின்றன. அவருக்கு மாற வேண்டியது தட்டின் பங்கு. தட்டில் பாதி கீரையும் மரக்கறியும், கால்வாசி மீனோ பருப்போ, மிச்சக் கால்வாசியில்தான் சோறு. சிவப்பரிசிதானே என்று மலையாகப் போட்டாலும் சீனி ஏறத்தான் செய்யும். கடை இடியப்பம் ஏழெட்டு வைத்துச் சொதி ஊற்றிச் சாப்பிடுவதைவிட, மூன்று வைத்துக் கெட்டிப் பருப்பும் முட்டையும் சேர்ப்பது நல்லது. குரக்கன் கஞ்சி குடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் பனங்கட்டியோ சக்கரையோ கரைத்தால் குரக்கன் குடித்த புண்ணியம் போய்விடும். உப்புப் போட்டுக் குடிக்கட்டும், அல்லது ரொட்டியாகத் தட்டுங்கள். சாப்பாட்டு அளவு குறையும்போது குளிசை அளவும் மாற வேண்டி வரலாம், அதைக் கிளினிக்கில் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

வாங்கும் இடத்தில் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது: கணவர் தினமும் புறக்கோட்டைக்குப் போகிறார். பருப்பு, கடலை, பயறு, செத்தல் மிளகாய், மல்லி எல்லாம் மாதம் ஒருமுறை நாலாம் குறுக்குத் தெருவில் எடுத்துவரட்டும், பக்கத்துக் கடையில் கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்குவதைவிடக் குறையும். ஒரு மாதத்துக்கு மேல் சேர்க்க வேண்டாம், வண்டு வைத்துவிடும். மரக்கறிக்கு மெனிங் சந்தை பேலியகொடைக்குப் போனபின் வெள்ளவத்தையிலிருந்து பஸ் காசும் நேரமும் கட்டாது. நாரஹேன்பிட்டிப் பொருளாதார மத்திய நிலையம் கிட்ட, கிழமைக்கு ஒருமுறை போய்வரலாம். மிச்ச நாளுக்கு வெள்ளவத்தைச் சந்தையில் பின்னேரம் கடை கட்டும் நேரத்தில் போங்கள், கீரைக்காரர் மறுநாள் வைக்க முடியாத சாமானை விலை விட்டுத் தருவார். மீனுக்கு மட்டும் அந்த நேரம் சரிவராது.

தேங்காய் விலை ஏறிய பிறகு அதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். நாளுக்கு ஒரு பால்கறி போதும். பால் பிழிந்த பூவை எறியாமல் வறைக்குப் போடுங்கள். காஸுக்கும் இதே மாதிரி: கடலை, கௌபியை ஊற வைக்காமல் அவித்தால் சிலிண்டர் நாள் கணக்கில் முந்தி முடியும். இரண்டு நாளுக்குரியதை ஒரே தரத்தில் குக்கரில் அவித்துப் பிரிட்ஜில் வைத்தால், ஒன்றைக் கறியாகவும் மற்றதைப் பின்னேரத் தாளிப்பாகவும் எடுக்கலாம்.

கடைசியாக மகள் விஷயம். அரச வைத்தியசாலையில் இரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்கக் காசு இல்லை, ஒருநாள் கூட்டிப் போங்கள். குறைவு என்றால் சாப்பாட்டால் மட்டும் சீக்கிரம் ஏறாது, குளிசை வேண்டும். பாடசாலையில் இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தால் வீசாமல் விழுங்கச் சொல்லுங்கள். வயிற்றைப் பிரட்டுகிறது என்றால் சாப்பிட்ட பிறகு விழுங்கலாம், தேத்தண்ணியோடு மட்டும் வேண்டாம். மகனின் நிறையையும் உயரத்தையும் அதே நாளில் அளந்து எழுதி வையுங்கள், மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளக்கலாம்.